இறக்கைக் கோடுகளை வைத்துப் பருந்து அந்துப்பூச்சியை இனம் காண்பது எப்படி: தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு ஒரு தொடக்க வழிகாட்டி

கோடை மழை பெய்து ஓய்ந்த மறுநாள் இரவு வாசல் விளக்கை எரியவிட்டால், ஈசலுக்கும் வண்டுக்கும் நடுவில் உள்ளங்கை அகலத்துக்குப் பெரிய பூச்சி ஒன்று வந்து சுவரில் மோதும். இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு எங்காவது ஒட்டி உட்காரும். ஹாக் மாத், ஸ்பிங்ஸ் மாத் என்று ஆங்கிலத்தில் சொல்லப்படும் பருந்து அந்துப்பூச்சிகளை நம் பக்கத்தில் பெரும்பாலோர் முதலில் பார்ப்பது இப்படித்தான். பாலக்கோடு, காவேரிப்பட்டணம், ஊத்தங்கரை, அரூர் என்று எங்கே இருந்தாலும் இதற்காகக் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. போகவும் கூடாது. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, ஒகேனக்கல் பக்கத்துக் காடுகளில் யானை நடமாட்டம் உண்டு. வனத்துறை அனுமதியில்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழைவதும் குற்றம். வீட்டு வாசல், தோட்டத்து மோட்டார் ரூம் விளக்கு, நெடுஞ்சாலையோரப் பெட்ரோல் பங்க் ஆகியவையே போதும். எல்இடி விளக்குகளில் புற ஊதாக் கதிர் குறைவு என்பதால் பூச்சி குறைவாக வரும். பழைய டியூப் லைட் எங்காவது மிச்சமிருந்தால், அதன் பக்கத்தில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டித் தொங்கவிடுங்கள்.

வந்தது பருந்து அந்துதானா?

இனத்தைத் தேடும் முன் குடும்பத்தை உறுதி செய்துகொள்ள வேண்டும். இதற்கு நிறம் உதவாது, உருவம்தான் உதவும். முன்னிறக்கை நீளமாகவும் குறுகலாகவும் இருக்கும், அதன் வெளி விளிம்பு சாய்வாக வெட்டியதுபோல் ஓடும். உடல் தடித்து, வால் பக்கம் கூராக முடியும். உட்கார்ந்திருக்கும்போது இரண்டு முன்னிறக்கைகளும் உடலுக்கு இருபுறமும் பின்னோக்கிச் சரிந்து, மொத்த உருவமும் முக்கோணமாகத் தெரியும்.

பழத்தோட்டம் இருக்கிற ஊர்களில் ஏமாற்றக்கூடியது பழச்சாறு உறிஞ்சும் அந்துப்பூச்சி, யூடோசிமா. அதுவும் பெரியது, தடித்தது, பின்னிறக்கையில் ஆரஞ்சு மஞ்சளும் கருப்பும் கொண்டது. ஆனால் அதன் முன்னிறக்கை அகலம். உட்காரும்போது கூரைபோல் உடலை மூடிக்கொள்ளும். பருந்து அந்து அப்படி மூடாது.

படம் எடுத்தல்

முன்னிறக்கையும் பின்னிறக்கையும் தெரியாத படத்தை வைத்துக்கொண்டு இனம் சொல்லச் சொன்னால் யாராலும் முடியாது. அதனால் குறைந்தது மூன்று படங்கள் வேண்டும்.

முதலாவது, நேர் மேலிருந்து, இரண்டு முன்னிறக்கைகளும் முழுதாக விழும்படி. பக்கத்தில் ஒரு பத்து ரூபாய் நாணயத்தை வைத்துவிடுங்கள். அதன் விட்டம் 27 மில்லிமீட்டர் என்பதால் பூச்சியின் அளவைப் பிறகு கணக்கிட்டுக்கொள்ளலாம். இரண்டாவது, பக்கவாட்டில், வயிற்றின் ஓரத்தில் இருக்கும் பட்டையும் கோடும் இதில்தான் விழும். மூன்றாவது பின்னிறக்கை. இதற்குத்தான் பொறுமை வேண்டும், ஏனென்றால் ஓய்வில் இருக்கும் பூச்சி பின்னிறக்கையை முன்னிறக்கைக்கு அடியில் ஒளித்துவைத்திருக்கும்.

அதைப் பார்க்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஓர் ஈர்க்குச்சியின் நுனியால் முன்னிறக்கையின் பின்பக்கத்தை மெதுவாக முன்னோக்கித் தள்ளுவது. விரலால் பிடித்தால் இறக்கையில் பொடிபோல் ஒட்டியிருக்கும் செதில்கள் உதிர்ந்துவிடும், கோடுகளும் அவற்றோடு போய்விடும். இன்னொன்று, காத்திருப்பது. பறக்கும் முன் இந்தப் பூச்சிகள் உடலைச் சூடேற்றிக்கொள்ள இறக்கைத் தசைகளை நடுக்கும். அப்போது இறக்கைகள் சற்று விரிந்து அதிரும். அந்த நேரத்தில் வீடியோ எடுத்து, பிறகு ஒவ்வொரு ஃப்ரேமாக நிறுத்திப் பார்த்தால் பின்னிறக்கை தெளிவாகக் கிடைத்துவிடும். எனக்குப் பிடித்த வழி இதுதான், பூச்சிக்கும் தொந்தரவில்லை.

விளக்கடியில் எடுத்த படத்தின் நிறத்தை நம்பாதீர்கள். மஞ்சள் பல்பில் பச்சை பழுப்பாகிவிடும், இளஞ்சிவப்பு ஆரஞ்சாகிவிடும். விடிந்த பிறகும் பல பூச்சிகள் அதே சுவரிலேயே இருக்கும். அணிலும் மைனாவும் வருவதற்குள் நிழல் வெளிச்சத்தில் இன்னொரு படம் எடுத்துவிடுங்கள்.

இறக்கையில் எங்கே பார்ப்பது

முன்னிறக்கையில் ஐந்து இடங்களுக்குப் பெயர் தெரிந்தால் போதும். உடலோடு சேரும் இடம் அடி. எதிர்க்கோடி நுனி. தலைப்பக்கம் ஓடுவது முன் விளிம்பு, வயிற்றுப் பக்கம் ஓடுவது உள் விளிம்பு, நுனியிலிருந்து உள் விளிம்பை நோக்கி இறங்குவது வெளி விளிம்பு. இறக்கையின் நடுவில் முன் விளிம்பை ஒட்டி ஒரு சிறு புள்ளி இருக்கலாம். அதை நடுப்புள்ளி என்று வைத்துக்கொள்வோம்.

புதிதாக வருகிறவர்கள் "பழுப்பு நிறம், கொஞ்சம் வெள்ளை" என்று எழுதி வைத்துக்கொள்கிறார்கள். இதனால் பயனில்லை. இங்கே வரும் பருந்து அந்துகளில் பாதிக்கு மேல் பழுப்புதான். வயதான பூச்சியில் நிறம் வெளுத்தும் போய்விடும். ஒரு கோடு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, உடலுக்குக் குறுக்காக ஓடுகிறதா, நுனியிலிருந்து சாய்ந்து இறங்குகிறதா என்று எழுதுங்கள். இறக்கை பாதி தேய்ந்தாலும் கோட்டின் போக்கு தெரியும்.

இந்தப் போக்கை வைத்தே நம் ஊர்ப் பூச்சிகளைச் சில கூட்டமாகப் பிரித்துவிடலாம்: நுனியிலிருந்து சாய்கோடு உள்ளவை, மரப்பட்டைபோல் சாம்பல் கறைகள் உள்ளவை, பச்சைத் திட்டு உள்ளவை, இறக்கை கண்ணாடியாக இருப்பவை, கோடுகள் மங்கி வெள்ளிப்புள்ளி மட்டும் பளிச்சென்று இருப்பவை.

சாய்கோட்டுக் கூட்டம்

இங்கேதான் எண்ணிக்கையும் அதிகம், குழப்பமும் அதிகம். ஹிப்போஷன், தெரெட்ரா என்ற இரண்டு பேரினங்கள் (நெருங்கிய உறவுள்ள இனங்களின் தொகுப்புகள்) இதில் முக்கியம். இரண்டிலும் முன்னிறக்கையின் நுனியிலிருந்து உள் விளிம்பை நோக்கிக் கோடுகள் சரிந்து வரும்.

எளிதானதிலிருந்து தொடங்கலாம். சாய்கோடு வெள்ளி வெள்ளையாக, பட்டையாக, நுனி முதல் உள் விளிம்பு வரை முறியாமல் ஓடினால் ஹிப்போஷன் செலெரியோ என்று சந்தேகப்படுங்கள். உறுதிப்படுத்தப் பின்னிறக்கைக்கு வாருங்கள். அடியில் இளஞ்சிவப்பு, அதைக் கருப்புப் பட்டைகள் வெட்டும், நரம்புகளும் கருத்திருக்கும். இரண்டும் பொருந்தினால் தயங்காமல் பெயர் எழுதலாம். இதன் புழு திராட்சைக் கொடியையும் சேம்பு இலையையும் தின்னும்.

தெரெட்ரா ஓல்டன்லாண்டியே இதைவிடச் சற்றுச் சிறியது. இதன் முன்னிறக்கையிலும் சாய்கோடுகள் உண்டு. பின்னிறக்கை கருப்பழுப்பு, ஓரத்தை ஒட்டி மங்கலான வெளிர்ப் பட்டை, சிவப்பு இருக்காது. தீர்ப்புச் சொல்லும் அடையாளம் இறக்கையில் இல்லை, வயிற்றின் முதுகுப் பக்கத்தில் இருக்கிறது. நடுவில் நெருக்கமாக இரண்டு வெள்ளிக் கோடுகள் ஓடினால் ஓல்டன்லாண்டியே. ஒற்றைக் கோடு என்றால் அதன் நெருங்கிய உறவான தெரெட்ரா சில்ஹெட்டென்சிஸ். மேலிருந்து எடுத்த படத்தில் வயிறு கூர்மையாக விழுந்திருக்க வேண்டும் என்பது இதற்காகத்தான். வாசலில் காசித்தும்பை வைத்திருக்கும் வீடுகளில் கண்போன்ற புள்ளிகள் வரிசையாக ஓடும் கருநிறப் புழு இலையை மொட்டையடித்திருந்தால், அது ஓல்டன்லாண்டியேவின் வேலையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

உருவத்தில் இவற்றைவிடப் பெரியது தெரெட்ரா நெசஸ். முன்னிறக்கை பழுப்பு, முன் விளிம்பை ஒட்டிப் பச்சைச் சாயல், வயிற்றின் இரு ஓரங்களிலும் பொன்மஞ்சள் பட்டை. அந்தப் பட்டை ஒன்றே போதும், பின்னிறக்கை வரை போக வேண்டியதில்லை. இதன் புழு வள்ளிக்கிழங்கு வகைக் கொடிகளைத் தின்பது. தெரெட்ரா அலெக்டோவுக்குப் பின்னிறக்கையில்தான் விடை: சிவப்பும் அடியில் கருப்பும்.

இனிமேல் வருவது கஷ்டம். பழுப்பு முன்னிறக்கையில் மெல்லிய சாய்கோடுகள், பின்னிறக்கையில் சிவப்பும் பழுப்பு ஓரமும் கொண்ட சிறு ஹிப்போஷன்கள் சில உண்டு. ரோசெட்டா, போயர்ஹாவியே, ராஃபிளெசியை ஆகியவை அதில் சேரும். நல்ல கேமராவில் எடுத்த படத்திலும் இவற்றைப் பிரிப்பது கடினம். ஆய்வாளர்கள் இனப்பெருக்க உறுப்பைப் பிரித்துப் பார்த்துதான் முடிவு செய்கிறார்கள். நீங்கள் "ஹிப்போஷன், இனம் தெரியவில்லை" என்று எழுதி நிறுத்திக்கொள்ளுங்கள். பேரினத்தோடு நிறுத்துவது அரைகுறை வேலை இல்லை. இந்தக் கூட்டத்தில் துணிந்து இனப் பெயர் எழுதியிருக்கும் பதிவைப் பார்த்தால் நான் முதலில் சந்தேகம்தான் படுவேன்.

சாம்பல் கூட்டம்

முன்னிறக்கை முழுதும் சாம்பலும் கருப்பும் கலந்து, மரப்பட்டையில் உட்கார்ந்தால் மறைந்துபோகும் பெரிய பூச்சிகள் இவை. நம் பக்கத்தில் அடிக்கடி வருவன அக்ரியஸ் கன்வால்வுலியும் சைலோகிராமாவும். மேலிருந்து பார்த்தால் இரண்டையும் குழப்பிக்கொள்வது சகஜம். பக்கவாட்டுப் படத்தைத் திறந்து பாருங்கள். வயிற்றின் ஓரத்தில் இளஞ்சிவப்பும் கருப்பும் மாறி மாறி வளையமாக வந்தால் அக்ரியஸ். இளஞ்சிவப்பே இல்லாமல் வெறும் சாம்பலாக, மார்பின் இரு ஓரத்திலும் கருங்கோடு அழுத்தமாக வந்தால் சைலோகிராமா. சைலோகிராமாவின் முன்னிறக்கை நடுவில் சிறு கருங்கீற்றுகளும் இருக்கும். அதில் எந்த இனம் என்பதில் வகைப்பாட்டாளர்களுக்குள்ளேயே மாற்றங்கள் நடந்திருப்பதால், படத்தை மட்டும் வைத்துக்கொண்டு மேலே போக வேண்டாம்.

அக்ரியஸின் உறிஞ்சுகுழல் அதன் உடலைவிட நீளம். சர்க்கரைவள்ளிக் கொல்லையில் மண்ணைக் கிளறும்போது, கூஜாவுக்கு வைத்த கைப்பிடிபோல் முன்னால் வளைந்த குழாய் ஒன்றோடு பழுப்புக் கூட்டுப்புழு கிடைத்தால் அது இதுதான். வளர்ந்த பூச்சியின் குழல் அந்த உறைக்குள்தான் உருவாகிறது.

மண்டையோட்டுப் பூச்சிகள்

மார்பின் மேல் மண்டையோடு வரைந்ததுபோல் இருக்கும் அகெரான்டியாவைப் பார்த்ததும் யாருக்கும் தெரியும். தெரியாதது, இரண்டில் எது என்பது. இந்தியாவில் ஸ்டிக்ஸ், லாகெசிஸ் என இரண்டு இனங்கள். மூன்றாவதான ஆட்ரோபோஸ் ஐரோப்பா, ஆப்பிரிக்கா, மேற்காசியப் பக்கத்துப் பூச்சி. ஆனால் போன் செயலியில் படத்தைப் போட்டால் அது ஆட்ரோபோஸைத்தான் முதலில் காட்டும் வாய்ப்பு அதிகம், ஏனென்றால் இணையத்தில் அதன் படங்கள்தான் குவிந்து கிடக்கின்றன.

மண்டையோட்டைப் பார்த்து நேரத்தை வீணாக்காமல் நேராகப் பின்னிறக்கைக்குப் போங்கள். மஞ்சள் பரப்பின் மேல் இரண்டு கருப்புப் பட்டைகள், அடிப்பகுதி மஞ்சளாகவே இருந்தால் ஸ்டிக்ஸ். அடியிலேயே பெரிய கருந்திட்டு இருந்து, பட்டைகளும் தடித்து, மஞ்சள் ஒடுங்கிப் போயிருந்தால் லாகெசிஸ். லாகெசிஸ் சராசரியில் பெரியது. ஆனால் அளவை மட்டும் சாட்சியாக எடுக்க முடியாது. புழுவாக இருந்தபோது சரியாகத் தீனி கிடைக்காத லாகெசிஸ் சிறியதாகவே வரும்.

தருமபுரிப் பக்கத்து எள் கொல்லைகளில் பக்கவாட்டில் சாய்ந்த பட்டைகளும், வாலில் சுரசுரப்பான வளைந்த கொம்பும் உள்ள விரல் தடிமன் புழுவைப் பார்த்திருப்பீர்கள். ஸ்டிக்ஸின் புழுவுக்கு எள் விருப்பமான தீனி. கத்தரிச் செடியிலும் வரும். வளர்ந்த பூச்சி அடுக்குத் தேனீயின் கூட்டுக்குள் நுழைந்து தேனைத் திருடும். இதன் உறிஞ்சுகுழல் குட்டையாகவும் தடித்தும் இருப்பது அடையை ஓட்டை போடத்தான். கையில் எடுத்தால் கீச்சென்று சத்தம் போடும். அதே குழல் வழியாகக் காற்றை இழுத்து விடுவதால் வரும் சத்தம் அது. கடிக்காது, கொட்டாது. தேன் பெட்டி வைத்திருப்பவர்கள் பெட்டியின் வாசலைக் குறுக்கினால் இந்தத் தடித்த உடல் உள்ளே நுழைய முடியாது.

பச்சை, கண்ணாடி, வெள்ளிப்புள்ளி

பச்சையின் பல சாயல்களும் இளஞ்சிவப்பும் வெளிர்க் கோடுகளும் கலந்து வருவது டாப்னிஸ். நான்குவழிச் சாலையின் நடுத்திட்டில் வரிசையாக வைத்திருக்கும் அரளியும், வீட்டு நந்தியாவட்டையும் டாப்னிஸ் நேரியைக்குத் தீனி. முன்னிறக்கை அடியில் வெளிர்த் திட்டு ஒன்றும் அதற்குள் கருமையான புள்ளியும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நேரியை. முன்னிறக்கை நுனியில் சிறு வெள்ளைப் புள்ளி இருந்து, மொத்தமும் கருமை கூடித் தெரிந்தால் டாப்னிஸ் ஹைபோதஸ். ஹைபோதஸ் புழு காபி, கடம்பு குடும்பத்து மரங்களுக்குரியது, அரளியில் தேட வேண்டாம்.

இறக்கையில் செதிலே இல்லாமல் கண்ணாடியாக, உடல் பச்சையும் வயிற்றில் செம்பழுப்புப் பட்டையுமாகப் பட்டப்பகலில் பூ மேல் நின்றபடியே பறப்பது செஃபோனோடெஸ் ஹைலாஸ். காபியும் கார்டீனியாவும் இதன் புழுவுக்கு உணவு என்பதால் வத்தல்மலைக்குப் போகிறவர்கள் காபித் தோட்ட ஓரங்களில் கண் வைக்கலாம். கூட்டிலிருந்து வந்ததும் இதன் இறக்கையிலும் செதில் இருக்கும். முதல் பறப்பிலேயே உதிர்ந்துவிடும். அதனால் அன்றுதான் வெளிவந்த பூச்சி மங்கலாகத் தெரிந்தால் வேறு இனம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

பகலில் பறக்கும் இன்னொரு பேரினம் மேக்ரோகுளோசம். முன்னிறக்கை கரும்பழுப்பு, பின்னிறக்கையில் மஞ்சள். இனம் பிரிப்பது கடினம், பேரினத்தோடு நிறுத்துங்கள். இவற்றின் வீடியோவைத்தான் "எங்க ஊர்ல ஹம்மிங் பறவை" என்று வாட்ஸ்ஆப்பில் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் பறவை அமெரிக்கக் கண்டங்களைத் தவிர வேறெங்கும் இல்லை.

நெஃபெலி ஹெஸ்பெரா களாச் செடி இருக்கிற கரட்டுப் பகுதிகளில் வருவது. முன்னிறக்கை பச்சை கலந்த பழுப்பு, கோடுகள் மங்கல். சிலவற்றில் நடுவில் பளிச்சென்ற வெள்ளிப் புள்ளிகள் இருக்கும், சிலவற்றில் சுத்தமாக இருக்காது. இரண்டும் ஒரே இனத்தின் இரண்டு வடிவங்கள்.

செடியையும் எழுதிக்கொள்ளுங்கள்

இறக்கை கைவிட்டால் அடுத்த சாட்சி செடி. புழுவைக் கண்டெடுத்தால் அதே செடியின் இலையைப் போட்டு, அடியில் நான்கு விரல்கடை ஈரமண் பரப்பிய டப்பாவில் வளர்க்கலாம். மூடியில் துளை வேண்டும். அரளி இலை பறித்தால் கையை நன்றாகக் கழுவுங்கள், பால் நஞ்சு. மீந்த இலையை ஆடுமாடு வாய் வைக்கும் இடத்தில் போடாதீர்கள். தின்று முடித்ததும் புழு நிறம் மாறி மண்ணுக்குள் அல்லது சருகுக்குள் இறங்கும். இரண்டு மூன்று வாரத்தில் பூச்சி வரலாம், மாதக்கணக்கிலும் ஆகலாம். பூச்சிக்குப் பதிலாக ஒட்டுண்ணி ஈ வெளியே வருவதும் உண்டு, அதையும் எழுதி வையுங்கள். வளர்த்து எடுத்த பூச்சியின் இறக்கையில் ஒரு செதிலும் உதிர்ந்திருக்காது, படத்துக்கு அதைவிட நல்ல மாதிரி கிடைக்காது. பெல், ஸ்காட் இருவரும் 1937இல் பிரிட்டிஷ் இந்திய விலங்கின வரிசையில் எழுதிய பருந்து அந்துத் தொகுதி இன்றும் பயன்படுவதற்கு, புழுக்களை வளர்த்துப் பார்த்து எழுதியது ஒரு காரணம். அதில் பெயர்கள் பழையவை. அக்ரியஸ் அங்கே ஹெர்சே என்றிருக்கும், திகைக்க வேண்டாம்.

செயலி சொல்வதை எப்படி எடுத்துக்கொள்வது

உயிரினப் படங்களைப் பதிவேற்றி இனம் கேட்கும் ஐநேச்சுரலிஸ்ட், படத்தை வைத்துத் தேடும் கூகுள் லென்ஸ் இரண்டும் பயன்படும். ஆனால் அவை சொல்வதை விடையாக எடுக்காமல் சரிபார்க்க வேண்டிய பட்டியலாக எடுங்கள். முதலில், அந்த இனம் தென்னிந்தியாவில் இருக்கிறதா? சாம்பல் பூச்சிக்கு மாண்டுகா என்று வந்தால் அடித்துவிடலாம், அது அமெரிக்கப் பூச்சி. அடுத்து, மேலே சொன்ன அடையாளத்தை உங்கள் படத்தில் விரல் வைத்துக் காட்ட முடிகிறதா? முடியவில்லை என்றால் பெயரைப் பேரின அளவுக்கு இறக்குங்கள்.

பதிவேற்றும்போது மூன்று படங்களையும் ஒரே பதிவில் போடுங்கள். "கிருஷ்ணகிரி" என்று மட்டும் எழுதினால் ராயக்கோட்டைத் தக்காளிக் கொல்லையும் தளி மலைப்பகுதியும் ஒன்றாகிவிடும். ஊர்ப் பெயர், தேதி, நேரம், விளக்கின் வகை, அன்று மழை பெய்ததா, அருகில் என்ன செடி என்பதெல்லாம் வேண்டும். வீட்டு வாசலில் எடுத்த படமென்றால் இருப்பிடத்தை மறைக்கும் வசதியைச் செயலியில் தட்டிவிடுங்கள். ஆண்டுதோறும் ஜூலைக் கடைசியில் தேசிய அந்துப்பூச்சி வாரம் நடக்கும், 2012இல் அமெரிக்காவில் தொடங்கியது. அந்த நாட்களில் இனம் சொல்லக்கூடியவர்கள் நிறையப் பேர் இணையத்தில் இருப்பார்கள் என்பதால், பெயர் தெரியாமல் கிடக்கும் பழைய படங்களையும் அப்போது ஏற்றிவிடலாம்.